தவிராவில் வசந்தம்: முதலில் வீட்டை உலர்த்துங்கள்

போர்ச்சுகலின் தென்கரையில் உள்ள தவிராவுக்கு மார்ச்சில் குடிவருபவர்கள் வெயிலைப் பார்த்து ஏமாந்துவிடுவார்கள். தெருவில் சட்டை போதும், வீட்டுக்குள் ஸ்வெட்டர் வேண்டும். பழைய வீடுகளின் கனத்த சுவர் குளிரை லேசில் விடாது. கடற்காற்றின் ஈரம் அதில் படிந்து, அலமாரிக்குப் பின்னால் கரும்பூஞ்சை பிடிக்கும்.

அலமாரியைச் சுவரிலிருந்து நாலு விரற்கடை தள்ளி வையுங்கள். நண்பகலில் எதிரெதிர் ஜன்னல்களை 15 நிமிடம் திறந்துவிட்டு, பொழுது சாயுமுன் சாத்துங்கள். ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டினால் டீஹியூமிடிஃபையர் (காற்றின் ஈரத்தை உறிஞ்சும் கருவி) ஓடட்டும். பூஞ்சையைத் துடைக்கும் பிளீச்சில் வினிகர் கலக்கவே கூடாது, குளோரின் வாயு கிளம்பும். பிளாஸ்டிக் பெயின்ட் அடித்து மறைப்பது வெறும் தண்டச்செலவு. ஈரம் உள்ளே மாட்டிக்கொண்டு, பெயின்ட் செதில் செதிலாக உரியும். சுவரை நனைத்து, சுண்ணாம்பை மெல்லிசாக இரண்டு மூன்று பூச்சு அடியுங்கள்.

கேஸ் கெய்சரில் வெந்நீர் வருவது நின்றால் உடனே சிலிண்டர் மாற்ற ஓடாதீர்கள். அதே சிலிண்டரில் அடுப்பு எரிகிறதென்றால் கேஸ் இருக்கிறது. பல கேஸ் கெய்சர்களைப் பற்றவைப்பது பேட்டரிதான், அதை மாற்றிப் பாருங்கள். குழாயை மெல்லத் திறந்தாலும் தண்ணீர் வேகம் போதாமல் பற்றாது.

மீனுக்குத் திங்கட்கிழமை வேண்டாம். ஞாயிறன்று பெரும்பாலான படகுகள் கடலுக்குப் போவதில்லை. மத்திக்கு ஜூன் வரை பொறுங்கள், வசந்தத்தில் கொழுப்பு ஏறியிருக்காது.