பிலிப்ஸ் வரட்டுமா? கோட்டையூர்க் குறிப்புகள்

ஜனவரி 3, 2024, புதன்

லண்டன் கால்பந்து அணியான வெஸ்ட் ஹாம், பிரைட்டனுடன் 0-0. சொந்த மைதானத்தில். விடிய மூன்று மணி வரை விழித்திருந்ததற்கு ஒரு கோல்கூட இல்லை. ஆட்டம் முடிந்து போனை அணைத்த சற்று நேரத்தில் கோவில் ஒலிபெருக்கியில் திருப்பாவை தொடங்கிவிட்டது. படுக்கையில் கிடக்கும் அப்பச்சி, என் தகப்பனார், கண்ணைத் திறந்து, "சரி" என்றார். இப்போது அவர் வாயில் வரும் ஒரே சொல் அது.

ஜனவரி 5, வெள்ளி

செய்திகளில் மறுபடியும் கால்வின் பிலிப்ஸ், மான்செஸ்டர் சிட்டியின் நடுக்கள வீரன். அவனைக் கேட்பவர்கள் நியூகாசில், யுவென்டஸ், இப்போது நாங்கள். "நாங்கள்" என்று நான் சொல்லும்போதெல்லாம் ஆச்சி, என் அக்கா, சிரிக்கிறாள். ஈஸ்ட் ஹாமில் வாடகை கொடுத்துக் குளிரில் நடுங்கியவனுக்கு வெஸ்ட் ஹாமை "நாங்கள்" என்று சொல்ல உரிமை உண்டு. டிக்கெட்டுக்குக் காசில்லாத காலத்தில் கிரீன் தெருவில் நின்று மைதானத்தின் கூச்சலை மட்டும் கேட்டிருக்கிறேன். 2016இல் அந்த மைதானத்தையும் விட்டுவிட்டு ஸ்ட்ராட்ஃபோர்டுக்குப் போய்விட்டார்கள். அது வேறு வயிற்றெரிச்சல்.

பிலிப்ஸ் விஷயத்துக்கு வருகிறேன். 2022 ஜூலையில் லீட்ஸிடமிருந்து சுமார் 4.2 கோடி பவுண்டு கொடுத்து மான்செஸ்டர் சிட்டி வாங்கியது. ஆறு ஆண்டு ஒப்பந்தம். அதன் பிறகு லீக்கில் முதல் நிமிடத்திலிருந்து அவன் ஆடியவை இரண்டே ஆட்டங்கள், அவையும் பட்டம் உறுதியான பிறகு. உலகக் கோப்பை முடிந்து வந்தவனைப் பார்த்து, எடை கூடிவிட்டது என்று சிட்டியின் பயிற்சியாளர் கார்டியோலா ஊரறியச் சொன்னார். ஒரே பருவத்தில் மூன்று கோப்பைகள் வென்ற அணியில் அவனுக்கும் பதக்கங்கள் உண்டு. வியர்வைதான் இல்லை.

வேண்டாம் என்றே தோன்றுகிறது.

ஜனவரி 8, திங்கள்

எஃப்.ஏ. கோப்பையில் பிரிஸ்டல் சிட்டியோடு 1-1. இரண்டாம் நிலை லீகில் ஆடும் அணி! மறு ஆட்டம் வேறு. எங்கள் பக்கேட்டா காலைப் பிடித்துக்கொண்டு வெளியேறினான். குடுஸ் கானா அணியோடு ஆப்பிரிக்கக் கோப்பைக்குப் போகிறான். நடுக்களத்தில் பந்தைக் கையாளத் தெரிந்தவர்கள் யார் மிச்சம்?

வரட்டும் பிலிப்ஸ். யாராவது வரட்டும்.

ஜனவரி 10, புதன்

அப்பச்சியின் வலது கை அசையவில்லை. பிலிப்ஸ் பற்றியும் செய்தி இல்லை.

ஜனவரி 12, வெள்ளி

மதுரையில் ஸ்கேன் தேதி தள்ளிப்போய்விட்டது. பொங்கலுக்குப் பிறகு பார்க்கலாம் என்கிறார்கள்.

ஈஸ்ட் ஹாமில் அறையைப் பகிர்ந்துகொண்ட நண்பன் அழைத்தான். அவன் கட்சி: "லிங்கார்டை மறந்துவிட்டாயா?" மறக்கவில்லை. 2021 ஜனவரியில் மான்செஸ்டர் யுனைடெட்டில் ஓரங்கட்டப்பட்டிருந்த ஜெஸ்ஸி லிங்கார்டை வெஸ்ட் ஹாம் பயிற்சியாளர் இதே மொய்ஸ்தான் சில மாதங்களுக்கு மட்டும் கடனுக்கு அழைத்து வந்தார். லீக்கில் 16 ஆட்டங்களில் 9 கோல். தெருவெல்லாம் அவன் பெயர். அதே மருந்து இதற்கும் பலிக்கும் என்கிறான்.

பலிக்காது. லிங்கார்ட் முன்னால் ஆடுகிறவன். அவன் பந்தை இழந்தால் பின்னால் எட்டுப் பேர் இருக்கிறார்கள். அவன் மூன்று முறை தவறி நான்காம் முறை கோல் போட்டால் கைதட்டுவார்கள். பிலிப்ஸ் நிற்பது பின்கள வீரர்களுக்கு நேர் முன்னால். அங்கே ஒருமுறை தவறினாலே கோல். அழகப்பா கல்லூரி மைதானத்தில் எனக்கும் அந்த இடம்தான். பந்து காலுக்கு வருவதற்கு முன்பே தோளுக்குப் பின்னால் ஒரு பார்வை போய்விட்டு வந்திருக்க வேண்டும். யார் நெருங்குகிறான், எந்தப் பக்கம் திறந்திருக்கிறது, ஒரே தொடுதலில் விடலாமா, திரும்பலாமா, எல்லாம் அந்த ஒரு பார்வையில். "பார்த்தாயா? பார்த்தாயா?" என்று எங்கள் பயிற்சியாளர் வெயிலில் கத்திக்கொண்டே இருப்பார். ஆட்டம் இல்லாத மாதங்களில் முதலில் போவது அந்தப் பார்வைதான். மூச்சை ஓடிச் சம்பாதித்துவிடலாம். பார்வையைப் பயிற்சியில் சம்பாதிக்க முடியாது, ஏனென்றால் பயிற்சியில் யாரும் உன் காலை நொறுக்க வருவதில்லை.

இதையெல்லாம் அவனிடம் சொன்னேன். "நீ எப்போதும் இப்படித்தான்" என்று வைத்துவிட்டான்.

ஜனவரி 15, திங்கள். பொங்கல்

முகப்பில் கோலம், வளவில் பானை, எல்லாம் முறைப்படி. ஆச்சியும் அவள் பையனும் சென்னையிலிருந்து வந்துவிட்டார்கள். பையன் ஆர்சனல் சட்டையோடு வந்து இறங்கினான், வேண்டுமென்றே. டெக்லன் ரைஸைப் பத்துக் கோடி பவுண்டுக்கு மேல் கொடுத்து எங்களிடமிருந்து வாங்கிய அணி. போன ஜூனில் பிராகில் கான்ஃபரன்ஸ் லீக் கோப்பையைத் தூக்கிய தலைவன் அவன். 1980க்குப் பிறகு எங்களுக்குக் கிடைத்த முதல் பெரிய கோப்பை. அடுத்த மாதமே போய்விட்டான்.

"அம்மான், யூரோவில் ரைஸ் பக்கத்தில் நின்று ஆடியவன்தானே பிலிப்ஸ்? ஒருவனை விற்றீர்கள், மற்றவனை வாங்கிக்கொள்ளுங்கள்" என்றான்.

கிண்டலாகச் சொன்னாலும் பொய்யில்லை. 2021இல் நடந்த அந்த ஐரோப்பியக் கோப்பைப் போட்டியில் இங்கிலாந்தின் ஏழு ஆட்டங்களையும் இருவரும் சேர்ந்துதான் தொடங்கினார்கள், இறுதி ஆட்டம் உட்பட. அந்தப் பருவத்தில் இங்கிலாந்தின் சிறந்த ஆட்டக்காரர் விருதும் பிலிப்ஸுக்கே. லீட்ஸில் பயிற்சியாளர் பியெல்சா ஆளுக்கு ஆள் விரட்டிப் பிடிக்கச் சொல்வார். அந்த அமளிக்கு நடுவில் இவன் பந்தைப் பறித்து, மைதானத்தின் மறுகோடிக்கு ஒரே உதையில் அனுப்புவான். அது சிட்டிக்குத் தேவைப்படாத கலை. அங்கே ரோட்ரி நிற்கும் இடத்தில் நெரிசலில் பந்தை வாங்கிச் சின்னச் சின்னதாகக் கொடுத்து வாங்கவேண்டும். எங்களுக்கோ, போவனும் குடுஸும் ஓடத் தயாராக இருக்கும்போது அந்த நீண்ட உதைதான் வேண்டும். அப்படிப் பார்த்தால் அவன் எங்கள் ஆள்.

பையன் அப்பச்சியிடம் குனிந்து, "ஐயா, பிலிப்ஸை வாங்கலாமா?" என்று கேட்டான். "சரி" என்றார். "ஆர்சனல் கோப்பை வெல்லுமா?" "சரி." ஆச்சி அவன் முதுகில் ஒன்று வைத்தாள். பிறகு அவளே சிரித்துவிட்டு, அடுப்படிக்குப் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஜனவரி 17, புதன்

பிரிஸ்டலில் 0-1. மூன்றாம் நிமிடத்திலேயே கோல், பிறகு எங்கள் பென்ரஹ்மாவுக்குச் சிவப்பு அட்டை. எஃப்.ஏ. கோப்பை முடிந்தது. பையன் சிராவயல் மஞ்சுவிரட்டு பார்க்கப் போய்விட்டான். நல்லது. வீட்டில் இருந்திருந்தால் சண்டை வந்திருக்கும்.

ஜனவரி 18, வியாழன்

ஆச்சியும் பையனும் பல்லவன் ரயிலில் கிளம்பிவிட்டார்கள். வீடு மறுபடியும் பெரிதாகிவிட்டது.

ஜனவரி 20, சனி

நகரத்தார் காவடி குன்றக்குடியைத் தாண்டிப் போய்க்கொண்டிருக்கிறது. சிங்கம்புணரி, நத்தம், பிறகு பழநி. அப்பச்சி நடக்காத முதல் தை. கைத்தடியைப் பார்வைக்குப் படாமல் இரண்டாம் கட்டுக்கு எடுத்துப்போய் வைத்தேன். மாலையில் பார்த்தால் அது கட்டிலருகே இருக்கிறது. சமைக்க வரும் ஆச்சி செய்த வேலை. கேட்டதற்கு, "அவர்களுடையது அவர்கள் பக்கத்தில் இருக்கட்டும்" என்றார்கள். நான் ஒன்றும் பேசவில்லை.

ஜனவரி 22, திங்கள்

ஷெஃபீல்டு யுனைடெட். பட்டியலின் அடியில் கிடக்கும் அணி. கூடுதல் நேரமும் நீண்டுகொண்டே போய், கடைசியில் அவர்களுக்கு ஒரு பெனால்டி. 2-2. போனைச் சுவரில் எறிந்திருப்பேன், ஆத்தா படத்துக்குக் கீழே நின்றிருந்தேன்.

பிலிப்ஸ் வேண்டும். ஆனால் யாரை உட்காரவைத்துவிட்டு? அல்வாரெஸ் மஞ்சள் அட்டை வாங்கியே தீருவான், ஆனாலும் பந்தைப் பறிக்க அவனைவிட்டால் ஆளில்லை. சூச்செக் தலையால் கோல் போடுகிறான். வார்ட்-பிரவுஸின் கார்னர் உதைகள் இல்லாமல் பாதி கோல்கள் இல்லை. இவர்களில் ஒருவரை எடுக்க மொய்ஸுக்கு மனம் வராது. அப்படியானால் அவன் மான்செஸ்டர் பெஞ்சிலிருந்து லண்டன் பெஞ்சுக்கு வருகிறான், அவ்வளவுதான். வாங்கினால் முதல் நாளிலிருந்து அல்வாரெஸ் பக்கத்தில் நிறுத்தவேண்டும், பத்து ஆட்டம், தவறினாலும் எடுக்காமல். அந்தப் பொறுமை இல்லையென்றால் அந்தப் பையனைத் தொடவே வேண்டாம்.

ஜனவரி 24, புதன்

பிசியோதெரபிஸ்ட் வந்தார். வலது கையில் ரப்பர் பந்தை வைத்து அழுத்தச் சொன்னார். ஆள்காட்டி விரல் அசைந்தது. நான் பார்த்தேன். அவர் "பார்க்கலாம்" என்று மட்டும் சொன்னார். அசைந்தது.

ஜனவரி 25, வியாழன். தைப்பூசம்

எழுத ஒன்றுமில்லை.

ஜனவரி 27, சனி

வந்துவிட்டான்! நேற்று அறிவித்தார்கள். பருவம் முடியும் வரை கடனுக்கு.

கோபமும் வருகிறது. இந்த நான்கு மாதத்தில் அவன் நன்றாக ஆடினால் லாபம் யாருக்கு? ஜூனில் ஜெர்மனியில் யூரோ. இங்கிலாந்துப் பயிற்சியாளர் சௌத்கேட் இவனை விடாமல் அழைத்துக்கொண்டே இருக்கிறார், அங்கே போய்விடுவான். சிட்டிக்கு நல்ல விலை கிடைக்கும். அடுத்த வீட்டுப் பித்தளையை நாம் புளி போட்டுத் தேய்த்துத் தருகிறோம். மோசமாக ஆடினால் மட்டும் நஷ்டம் முழுவதும் எங்களுக்கு.

எண் 11 கொடுத்திருக்கிறார்கள். ஓரத்தில் ஓடும் முன்கள ஆளின் எண் அது. பின்கள வீரர்கள் முன்னால் நிற்பவனுக்குப் பதினொன்றா? இதைப் பற்றி நண்பனிடம் கால் மணி நேரம் பேசினேன். அவன், "உனக்குத் தூக்கம் வேண்டும்" என்றான்.

இருந்தாலும் மனசு குதிக்கிறது. டிசம்பரில் பெல்கிரேடில் பெனால்டி போட்டபோது, சிட்டிக்காக அவனுடைய முதல் கோல், அவன் முகத்தைப் பார்த்திருக்கிறேன். மற்றவர்கள் ஓடிவந்து கட்டிக்கொண்டார்கள். அணியில் யாருக்கும் அவன்மேல் வெறுப்பில்லை. வெறுப்பிருந்தால்கூட ஆடியிருப்பானோ என்னவோ.

ஜனவரி 30, செவ்வாய்

ஸ்கேன் முடிந்தது. போன இடத்தில் எல்லோரும் எல்லாவற்றுக்கும் "வயது" என்றே பதில் சொன்னார்கள். திரும்பும் வழி முழுவதும் அப்பச்சி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். திருப்பத்தூர் தாண்டியதும் தண்ணீர் கேட்டார். கேட்டார் என்றால், பாட்டிலைக் காட்டினார். வலது கையால்.

பிப்ரவரி 2, வெள்ளி

போர்ன்மத். முதல் பதினொருவரில் பிலிப்ஸ். இனிப்பு வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

மூன்றாம் நிமிடம். பந்து அவனிடம். பின்னால் கோல்கீப்பர் பக்கம் திருப்புகிறான், பார்க்காமல். போர்ன்மத்தின் சோலங்கே அங்கேயே நிற்கிறான். கோல்.

பார்க்காமல்! அந்த ஒரு பார்வை!

வார்ட்-பிரவுஸ் பெனால்டியில் சமன் செய்து 1-1. அது எனக்கு முக்கியமில்லை. முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு அவன் ஒவ்வொரு பந்தையும் பத்திரமாக, பக்கவாட்டில், மூன்று அடியில் நிற்பவனுக்கே கொடுத்தான். நீண்ட உதை எங்கே? அதற்காகத்தானே உன்னை அழைத்தோம்?

நண்பனின் செய்தி காத்திருக்கிறது. திறக்கவில்லை.

பிப்ரவரி 5, திங்கள்

ஓல்ட் டிராஃபோர்டில் 0-3. பிலிப்ஸை மாற்று ஆட்டக்காரனாக இறக்கினார் மொய்ஸ். அவனிடமிருந்து பந்து பறிபோய்த்தான் மூன்றாவது கோல்.

இணையம் முழுக்க ஏச்சு. அவனைத் திருப்பி அனுப்பச் சொல்கிறார்கள். இரண்டு ஆட்டம்கூட முழுசாக ஆகவில்லை. அடுத்ததிலும் அவனைத்தான் இறக்கவேண்டும், தொடக்கத்திலிருந்து, ஒளித்துவைக்காமல். இப்போது பெஞ்சில் உட்காரவைத்தால் கார்டியோலா செய்ததற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

ஞாயிற்றுக்கிழமை ஆர்சனல் வருகிறது. ரைஸ் வருகிறான். பையன் காலையிலேயே அழைத்துவிட்டான், அம்மான், பந்தயம் என்ன என்று. பிசியோதெரபிஸ்ட் ஐந்து மணிக்கு வருகிறார், பிறகு பேசுகிறேன் என்று வைத்துவிட்டேன்.