தொட்டில் காலத்துத் தாள்கள்: மூன்றாவது வந்தாயிற்று

போன வாரம் மூன்றாவது தாள் கைக்கு வந்தது. பழைய அச்சுப் புத்தகங்களின் தாள்களைச் சேர்க்க ஆரம்பித்து இரண்டு வருடம் ஆகிறது. இதுவரை கற்றதை எழுதி வைக்கிறேன்.

ஐரோப்பாவில் 1501-க்கு முன் அச்சான புத்தகங்களுக்கு இன்குனாபுலா என்று பெயர். லத்தீனில் தொட்டில் என்று பொருள். அச்சுக்கலை தொட்டிலில் கிடந்த காலம். முழுப் புத்தகம் வாங்க என் சம்பளம் போதாது. அதனால் உதிரித் தாளில் தொடங்கினேன்.

முதல் தாள், ஹார்ட்மன் ஷேடல் எழுதி 1493-இல் நியூரம்பெர்கில் அன்டன் கோபெர்கர் அச்சிட்ட உலக வரலாற்றிலிருந்து வந்தது. அந்த ஆண்டு ஜூலையில் லத்தீன் பதிப்பும் டிசம்பரில் ஜெர்மன் பதிப்பும் வந்தன. தாள் எண்ணுக்கு முன்னால் 'ஃபோலியம்' என்றிருந்தால் லத்தீன், 'பிளாட்' என்றிருந்தால் ஜெர்மன். என்னுடையது லத்தீன். புத்தகத்தில் 1809 படங்கள், ஆனால் செதுக்கிய மரக்கட்டைகள் 645தான்; ஒரே கட்டையைப் பல இடங்களில் மறுபடி அச்சிட்டிருக்கிறார்கள். ம்யூனிக்கின் பவேரிய மாநில நூலகம் தன் பிரதியை இணையத்தில் வைத்திருக்கிறது. அதைப் புரட்டியபோது என் தாளில் இருக்கும் தாடிக்கார அரசர் வேறு பெயரில் வேறு பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்! அன்று இரவு தூக்கம் வரவில்லை.

இரண்டாவது தாளில் ஏமாந்தேன். அசல் என்று சொல்லித்தான் விற்றார்கள். லென்ஸ் வைத்துப் பார்த்தால் எழுத்தெல்லாம் சின்னச் சின்னப் புள்ளிகள். இந்தக் கால அச்சு. அசலில் கருப்பு புள்ளியில்லாமல் முழுதாக இருக்கும், ஈய எழுத்து அழுத்திய தடம் பின்பக்கம் விரலுக்குத் தட்டுப்படும். பணம் திரும்பவில்லை. இப்போதெல்லாம் முதலில் தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடிக்கிறேன். கந்தல் துணியைக் கூழாக்கிக் கம்பி அச்சில் வார்த்த காகிதம் என்பதால் கோடுகள் தெரிய வேண்டும்: என்னிடமுள்ள மாதிரிப் பெரிய தாளில் நெருக்கமானவை குறுக்கே, இடைவெளி விட்டவை மேலிருந்து கீழே. நீர்க்குறி இல்லையே என்று பதற வேண்டாம். முழுத்தாளின் ஒரு பாதியில்தான் அது இருக்கும். ஒரே முறை மடித்துக் கட்டும் பெரிய புத்தகத்தில் இரண்டு ஏட்டுக்கு ஒன்றில்தான் வரும்.

மூன்றாவது, கோபெர்கரின் லத்தீன் பைபிள். அச்சானபின் ஒருவர் உட்கார்ந்து ஒவ்வொரு பெரிய எழுத்திலும் சிவப்புக் கோடு இழுத்திருக்கிறார். பத்தித் தொடக்கத்தில் கையால் வரைந்த சிவப்பு 'இ'க்கு அடியில், அவருக்கு அடையாளமாக அச்சிட்ட குட்டி எழுத்து இன்னும் தெரிகிறது. 'டொமினுஸ்' என்ற சொல் மூன்றே எழுத்தாக, தலையில் ஒரு கோட்டோடு நிற்கிறது. புள்ளி வைக்காத ஓலைச்சுவடியைப் படித்துப் பழகியவர்களுக்கு இது சீக்கிரம் பிடிபடும் என்று நினைக்கிறேன்.

ஆனால் இந்தத் தாளில் மனதை உறுத்தும் ஒன்றும் இருந்தது. மூன்று ஓரங்கள் பழுப்பேறியிருக்கின்றன. நான்காவது, தைத்திருந்த பக்கம், வெள்ளையாக, நேராக இருக்கிறது. யாரோ அண்மையில்தான் பிளேடு போட்டிருக்கிறார்கள். ஐந்நூறு வருடத்துக்கு மேல் சேர்ந்திருந்த புத்தகம், என்னைப் போல் தாள் கேட்பவர்களுக்காகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. அதனால் இனி உதிரித் தாள் வாங்குவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். முதல் பக்கம் போனாலும், பூச்சி அரித்திருந்தாலும் சரி, தையல் பிரியாத ஒரு சின்னப் புத்தகம் போதும். 1490-களில் லைப்ஸிக்கில் மாணவர்களுக்காக அச்சிட்ட மெல்லிய பாடநூல்கள் உண்டு; அப்படி ஒன்றுக்காகச் சேமிக்கிறேன்.

அதுவரை இந்தத் தாள் எந்தப் பதிப்பு என்று கண்டுபிடிக்க வேண்டும். கோபெர்கர் பைபிளைப் பல முறை அச்சிட்டவர். வரிகளை எண்ணி, வரி முடியும் சொற்களை ஒப்பிட்டு 1477, 1478 பதிப்புகளைப் பார்த்துவிட்டேன், ஒத்துவரவில்லை. அடுத்த ஞாயிறு 1480.