பேர்லயே இருக்கே, தம்பி

எங்கள் பைத்தான் கருவியில் நான் செய்த மாற்றம் ஒரே வரிதான். எப்படி நிறுவுவது என்று சொல்லும் ரீட்மீ கோப்பில் 'பிப் இன்ஸ்டால்' என்ற கட்டளை இருந்தது (பிப் என்பது பைத்தான் பேக்கேஜ்களை நிறுவும் கருவி). அதன் வாலில் 'பிரேக்-சிஸ்டம்-பேக்கேஜஸ்', அதாவது 'சிஸ்டத்தின் பேக்கேஜ்களை உடை', என்ற ஃப்ளாக்கை ஒட்டினேன். ரிவ்யூவில், எங்களோடு கோடு எழுதும் தம்பி ஒருவன் கேட்டான்: "அண்ணா, இது எதை உடைக்கும்னு கீழ ஒரு வரி போட்டுடலாமா?"

"பேர்லயே இருக்கே, தம்பி" என்று எழுதிவிட்டு, மாற்றத்தை ஏற்றும் மெர்ஜ் பொத்தானை அழுத்தினேன்.

அந்த ஃப்ளாக்குக்குத் தேவை வந்தது 2023-இல். ஏப்ரலில் உபுண்டு 23.04, ஜூனில் டெபியன் 12 என்று இரண்டு லினக்ஸ் பதிப்புகள் வந்தன. இரண்டிலும் சிஸ்டத்தோடு வரும் பைத்தானுக்குள் பிப் எதையும் நிறுவாது. பைத்தானின் ஸ்டாண்டர்ட் லைப்ரரி இருக்கும் ஃபோல்டரில் 'எக்ஸ்டர்னலி-மேனேஜ்டு' என்றொரு கோப்பு உட்கார்ந்திருக்கும், பிப் 23.0 முதல் அதைக் கண்டதும் நின்றுவிடும். அப்போது திரையில் வரும் எர்ரர் செய்தி, எங்கள் ரீட்மீயைவிட நல்ல ஆவணம். சிஸ்டத்தின் சொந்த நிறுவியான ஆப்ட்டில் கிடைத்தால் அங்கிருந்து எடு, இல்லையென்றால் சிஸ்டத்தைத் தொடாத தனி இடமான வெர்ச்சுவல் என்விரான்மென்ட் போடு, தனிச் செயலி என்றால் பிப்எக்ஸ் இருக்கிறது என்று வரிசையாகச் சொல்லும். அந்த ஃப்ளாக்கைக் கடைசியில்தான் காட்டும், அதுவும் சிஸ்டம் கெடலாம் என்ற எச்சரிக்கையோடு. நான் அந்தக் கடைசி வாக்கியத்தைப் பிய்த்தெடுத்து, எச்சரிக்கையை உதறிவிட்டு, ரீட்மீயின் முதல் கட்டளையாக வைத்தேன்.

எனக்கும் நியாயம் இருந்தது. சூடோ (அட்மின் அதிகாரம்) இல்லாமல் ஓட்டினால் அந்தக் கட்டளை ஹோம் ஃபோல்டருக்குள் இருக்கும் டாட்-லோக்கலில்தான் நிறுவும். கெட்டால் அந்த ஒரு யூசருக்குத்தான் கெடும். அங்கே நிறுவியதை அழித்தால் சரியாகிவிடும். ஆனால் பெர்மிஷன் எர்ரரை ஒருமுறை பார்த்தவர்கள் அப்புறம் எதற்கும் முன்னால் சூடோ போடுவார்கள். போட்டால் எல்லா யூசருக்கும் பொதுவான யூஎஸ்ஆர்-லோக்கலுக்குக் கீழே உள்ள டிஸ்ட்-பேக்கேஜஸில் போய் இறங்கும். டெபியனின் பைத்தான் ஒரு லைப்ரரியைத் தேடும்போது ஆப்ட் நிறுவிய இடத்துக்கு முன்பே இந்த இடத்தைப் பார்க்கும். எங்கள் கருவி கேட்டதற்காக பிப் கொண்டுவந்த புதிய பதிப்பை, பைத்தானில் எழுதிய சிஸ்டம் கருவிகளும் எடுத்துக்கொள்ளும். பழைய பதிப்போடு மட்டும் சோதித்த கருவி அங்கே விழும். விழுவது அன்றைக்கே நடக்காது என்பதுதான் சிக்கல். என்றைக்கோ வேறொரு கட்டளை ஓட்டும்போது விழும். அன்று யாருக்கும் எங்கள் ரீட்மீ நினைவுக்கு வராது.

இவ்வளவும் அந்தப் பெயரில் இருக்கிறதா? பெயர் 'உடை' என்கிறது. எதை, எப்போது, எப்படிச் சரிசெய்வது என்பது அதில் இல்லை. தம்பி கேட்டது அதைத்தான்.

சுருக்கமாக இருக்க வேண்டும் என்றுதான் செய்தேன் என்று பல நாள் சொல்லிக்கொண்டேன். ரீட்மீ நீண்டால் யாரும் படிப்பதில்லை, உண்மை. ஆனால் சுருங்கினாலும் படிப்பதில்லை. ரீட்மீயில் கட்டளைக்கென்று போட்ட பெட்டிக்குள் இருப்பதை எடுத்து டெர்மினலில் ஒட்டுகிறார்கள், அவ்வளவுதான். கட்டளைக்கு முன்னால் அழகுக்காக டாலர் குறி போட்டிருந்த காலத்தில், காப்பி பொத்தான் அதையும் சேர்த்து எடுத்துப்போக, 'டாலர் என்ற கட்டளை இல்லை' என்று டெர்மினல் சொல்வதாக இஷ்யூ (புகார்) வரும். பெட்டிக்கு வெளியே நாம் எழுதும் வாக்கியங்கள் வாசலில் போட்ட கோலம் மாதிரி, தாண்டிப் போய்விடுவார்கள். அப்படியென்றால் தம்பி கேட்ட எச்சரிக்கை வரியையும் தாண்டித்தானே போயிருப்பார்கள்? இந்த இடத்தில் என் பக்கம் கொஞ்சம் வலுக்கிறது. ஆனால் உடைந்தபின் திரும்பி வந்து தேடுகிறவருக்கு அந்த வரி கிடைத்திருக்கும். இங்கே மறுபடி வலுவிழக்கிறது.

முதல் புகார் நான் எதிர்பார்த்த திசையிலிருந்து வரவில்லை. உபுண்டு 22.04 வைத்திருப்பவர் 'அப்படி ஒரு ஆப்ஷனே இல்லை' என்ற எர்ரரை அனுப்பியிருந்தார். அதிலுள்ள பிப் 22.0.2, அந்த ஃப்ளாக் வந்ததே 23.0.1-இல். தடையே இல்லாத மெஷினில், தடையைத் தாண்டும் ஃப்ளாக்கே தடையாகிவிட்டது. புதிய உபுண்டுவில் மட்டும் ஓட்டிப்பார்த்துவிட்டு எழுதியதன் பலன். ரீட்மீ கட்டளையை மாற்றினால், ஆதரிக்கிறோம் என்று சொல்லும் ஒவ்வொரு பதிப்பின் வெற்று கன்டெய்னரிலும் (மெஷினுக்குள் தனியாக ஓடும் சின்ன சிஸ்டம்) ஓட்டிப்பார்க்க வேண்டும். பத்து நிமிட வேலை. மெர்ஜுக்கு முன் அதை நான் செய்யவில்லை.

பிறகு ஒழுங்காக மாற்றி எழுதினேன். ஆப்ட்டில் பிப்எக்ஸ் நிறுவு, அது நிறுவுவதை டெர்மினல் கண்டுபிடிக்க வழிசெய்யும் 'என்ஷ்யூர்பாத்' ஓட்டு, டெர்மினலை மூடித் திற, பிப்எக்ஸ் வழியாகக் கருவியை நிறுவு. நான்கு படி. சரியான வழி. புகார் குறையும் என்று நினைத்தேன், கூடியது. டெர்மினலை மூடித் திறக்காதவர்களுக்குக் கட்டளை கிடைக்கவில்லை, ஏனென்றால் மூன்றாவது படி பெட்டிக்குள் வர முடியாத படி, வெறும் வாக்கியம். கருவியைத் தங்கள் ஸ்கிரிப்டில் இம்போர்ட் செய்ய வந்தவர்களுக்கு 'மாட்யூல் இல்லை' என்று வந்தது. பிப்எக்ஸ் ஒவ்வொரு செயலியையும் தனி என்விரான்மென்ட்டில் அடைக்கும். வெளியிலிருந்து இம்போர்ட் செய்ய முடியாது. அவர்களுக்கு வெர்ச்சுவல் என்விரான்மென்ட் வழியையும் சேர்த்தேன். உபுண்டுவில் அதற்கு 'பைத்தான்3-வென்வ்' தனியாக நிறுவ வேண்டும் என்று இன்னொரு வரி. தவறான ஒற்றை வரி இருந்தபோது இவ்வளவு சத்தம் இல்லை. அந்த அமைதியை நல்ல ஆவணத்தின் அடையாளம் என்றே நினைத்திருந்தேன். இப்போதும் ஒரு மனம் அப்படித்தான் நினைக்கிறது, பாதகமில்லை.

2017-இல் கோடு பகிரும் தளமான கிட்ஹப் நடத்திய கருத்துக்கணிப்பில், ஆவணங்கள் அரைகுறையாகவோ குழப்பமாகவோ இருக்கின்றன என்று 93 சதவீதம் பேர் சொன்னார்கள். பங்களிப்பவர்களில் 60 சதவீதம் பேர், ஆவணங்களுக்குப் பங்களிக்க அரிதாகவே வருவதாக, அல்லது வருவதே இல்லை என்று சொன்னார்கள். வந்து கேட்ட ஒருவனுக்கு நான் கொடுத்தது மூன்று சொல். அவன் அதற்குப் பிறகும் கோடு அனுப்புகிறான், நன்றாகவே அனுப்புகிறான். ரீட்மீயில் கைவைப்பதில்லை. அதற்கும் இதற்கும் தொடர்பு இருக்கிறதா என்று நான் கேட்கவும் இல்லை.

இப்போதைய ரீட்மீயில் 'ஏதாவது உடைந்தால்' என்றொரு பத்தி இருக்கிறது. யூஎஸ்ஆர்-லோக்கலில் எந்த ஃபோல்டரைப் பார்க்க வேண்டும், எதை நீக்க வேண்டும் என்பதெல்லாம் அதில் உண்டு. யோசனை அவனுடையது. ஆனால் எந்த வரியை யார் எழுதினார்கள் என்று காட்டும் கிட் பிளேம் போட்டுப் பார்த்தால் எல்லா வரியிலும் என் பெயர்தான் வருகிறது. மாற்றத்தோடு பதியும் கமிட் செய்தியில், கூட எழுதியவரைச் சொல்லும் 'கோ-ஆத்தர்ட்-பை' வரி சேர்க்க மறந்துவிட்டேன். மெயின் என்ற முதன்மைக் கிளையில் ஏறியபின் அதைச் சேர்க்க வேண்டுமானால் ஹிஸ்டரியை மாற்றி, பழையதன் மேல் ஏற்றும் ஃபோர்ஸ் புஷ் செய்ய வேண்டும். மெயினில் ஃபோர்ஸ் புஷ்ஷுக்குத் தடை. அந்தத் தடையைப் போட்டு வைத்ததும் நான்தான்.