புது வண்டி தகராறு செய்தால் முதலில் ஜாப் கார்டைப் பாருங்கள்

சர்வீஸ் சென்டரில் முன்மேசையில் உட்கார்ந்து ஜாப் கார்டு, அதாவது வண்டியை விடும்போது சொல்லும் கோளாறையும் செய்த வேலையையும் குறிக்கும் தாள், எழுதும் வேலை பார்த்தவன் நான். ஆசையாக வாங்கிய புது வண்டியை அதே கோளாறுக்காகத் திரும்பத் திரும்பக் கொண்டுவந்து நிறுத்துபவர்களைப் பார்த்தால் வயிறு எரியும். சட்டம் இவர்களுக்குக் கைகொடுக்கும். ஆனால் அது முதலில் கேட்பது அந்த ஜாப் கார்டைத்தான்.

அமெரிக்காவில் இதற்கென்றே லெமன் சட்டங்கள் உண்டு: கோளாறு தீராத புது வண்டியை நிறுவனம் மாற்றித் தர வேண்டும், அல்லது திரும்ப எடுத்துக்கொண்டு பணத்தைத் தர வேண்டும். 1982-ல் கனெக்டிகட்டும் கலிஃபோர்னியாவும் கொண்டுவந்தன, மற்ற மாநிலங்கள் பின்தொடர்ந்தன. கலிஃபோர்னியாவில் 18 மாதம் அல்லது 18,000 மைல், எது முந்துகிறதோ அதற்குள், ஒரே கோளாறை 4 முறை பார்த்தும் தீரவில்லை என்றால் நிறுவனத்துக்குப் போதிய வாய்ப்பு கொடுத்தாயிற்று என்று சட்டமே எடுத்துக்கொள்ளும். உயிருக்கு உலை வைக்கும் கோளாறு என்றால் 2 முறை போதும். மொத்தமாக 30 நாளுக்கு மேல் ஒர்க்‌ஷாப்பில் கிடந்தாலும் அப்படியே. சிங்கப்பூரில் 2012 முதல், வாங்கிய 6 மாதத்துக்குள் தெரியவரும் குறை விற்கும்போதே இருந்ததாகக் கருதப்படும். இல்லை என்று காட்டுவது விற்றவர் பொறுப்பு. பிரிட்டனில் 2015-ஆம் ஆண்டுச் சட்டப்படி, குறையுள்ள வண்டியை முதல் 30 நாளுக்குள் வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்துவிடலாம்.

இந்தியாவில் வண்டிக்கென்று தனிச் சட்டம் இல்லை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம்தான். குடியிருக்கும் இடத்திலேயே, வக்கீல் இல்லாமலே, 2 ஆண்டுக்குள் புகார் கொடுக்கலாம். அதெல்லாம் நல்லதுதான். ஆனால் இது உற்பத்திக் குறைபாடு என்று காட்டும் சுமை பெரும்பாலும் வாங்கியவர் தலையில் விழுகிறது, நிபுணர் அறிக்கை எங்கே என்று கேட்கிறார்கள். இன்ஜினைப் பிரித்துப் பார்க்கும் வசதி எல்லாம் தயாரித்தவரிடம் இருக்க, நிரூபிக்கும் வேலை மட்டும் வாங்கியவருக்கு என்பது அநியாயம். இத்தனை முறை, இத்தனை நாள் என்ற கணக்கு நமக்கும் வேண்டும்.

சரி, ஜாப் கார்டுக்கு வருவோம். "காலையில் எடுத்துக் கொஞ்ச தூரம் போனதும் சிக்னலில் இன்ஜின் தானாக அணைந்துவிடுகிறது" என்று சொல்வார்கள். கார்டில் ஏறுவது "ஜெனரல் செக்கப்". அடுத்த முறை "பிக்கப் இல்லை". அதற்கடுத்து "சாஃப்ட்வேர் அப்டேட்". கடைசி வரியில் "ஓட்டிப் பார்த்ததில் கோளாறு இல்லை". வந்தது ஒரே கோளாறுக்கு. காகிதத்திலோ மூன்று வெவ்வேறு விஷயம். எதிர்த்தரப்பு வக்கீலுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

அதனால் ஒவ்வொரு முறையும் அதே வார்த்தைகளில் சொல்லுங்கள், அப்படியே எழுதச் சொல்லி, படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். விட்ட தேதி, எடுத்த தேதி, கிலோமீட்டர் மூன்றும் இருக்கட்டும். வாரண்டி வேலைக்குப் பணம் இல்லை என்பதால் பில்லும் தராமல் சாவியை நீட்டிவிடுவார்கள். பூஜ்ய தொகைக்கான பில்லையாவது கேட்டு வாங்குங்கள். கோளாறு தீராமல் வண்டியை எடுக்க நேர்ந்தால், "திருப்தி" என்ற இடத்தில் கையெழுத்துப் போடாமல் "கோளாறு நீடிக்கிறது" என்று எழுதுங்கள். டீலரிடம் சொன்னதோடு நிற்காமல் தயாரிப்பு நிறுவனத்துக்கும் மின்னஞ்சல் அனுப்புங்கள். அமெரிக்காவில் பல மாநிலங்களில் அப்படித் தெரிவிப்பதே சட்டத்தின் நிபந்தனை.

முதல் கார்டைத் தொலைக்கவே கூடாது. கலிஃபோர்னியாவில் நிறுவனம் வண்டியைத் திரும்ப எடுத்துக்கொண்டு பணத்தைத் தரும்போது, ஓட்டியதற்கென்று ஒரு தொகையைக் கழிப்பார்கள். அந்தக் கோளாறுக்காக முதன்முதலில் கொண்டுவந்த அன்று எத்தனை மைல் ஓடியிருந்ததோ, அதை 1,20,000-ஆல் வகுத்து விலையால் பெருக்குவதுதான் கணக்கு. அதற்குப் பிறகு ஓடியது கழிவில் சேராது. முதல் தடவை வாய்வார்த்தையாகச் சொல்லிவிட்டு வந்திருந்தால், அந்த மைல் எண்ணை எங்கே போய்த் தேடுவது?