மனுவாகிப்போன கதைகளைத் திரும்பக் கேட்பது

இலங்கையின் வடக்கே, 2009இல் போர் முடிந்த வன்னியில் ஒரு வீட்டுப் படலையைத் திறந்துகொண்டு போகிற செய்தியாளர், அந்த வீட்டுக்காரரிடம் கதை கேட்க வந்த முதல் ஆள் இல்லை. 2010இல் கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு கிளிநொச்சிக்கு வந்து கேட்டது. 2014 ஜனவரியில் காணாமற்போனோர் பற்றி விசாரித்த ஜனாதிபதி ஆணைக்குழு தன் அமர்வுகளை அதே கிளிநொச்சியில் தொடங்கியது. 2018இல் காணாமற்போனோர் பற்றிய அலுவலகம் முல்லைத்தீவுக்கு வந்தது. இவற்றுக்கு நடுவிலும் பிறகும் கிராம சேவகர், பிரதேச செயலகம், தொண்டு நிறுவனங்கள், புலனாய்வுக்காரர், தூதரகத்தார், பல்கலைக்கழக மாணவர் என்று ஆட்கள் வந்தபடி இருந்தார்கள். எல்லோரும் கேட்டது ஏறக்குறைய ஒன்றுதான்: பெயர், கிராம சேவகர் பிரிவு, திகதி, இடம், கடைசியாகக் கண்டவர் யார், இப்போது என்ன வேண்டும்.

அந்த ஒழுங்கில் சொல்லிச் சொல்லிக் கதை பத்து நிமிட மனுவாக இறுகிவிட்டது. அதை அப்படியே எழுதி எடுத்தால் ஒரு செய்தி கிடைக்கும். நடந்ததைக் கதைபோலச் சொல்லும் அபுனைவுக் கட்டுரைக்கு வேண்டிய காட்சி, வரிசை, தயக்கம், சின்னச் சின்னத் தீர்மானங்கள் எதுவும் அதற்குள் இராது. ஆகவே இங்கே நீள்கட்டுரை எழுதுகிறவரின் வேலை பெரும்பாலும் பேனாவைத் திறக்க முன்னரே முடிந்துவிடுகிறது. மனுவைத் தாண்டிப் போகத் தெரிய வேண்டும்.

முதல் விடயம், மனுவை மறிக்கக் கூடாது. சொல்பவர் அதைச் சொல்லித்தான் தீருவார். இடையில் குறுக்கிட்டால் மறுபடி முதலில் இருந்து தொடங்குவார். முழுவதையும் கேட்டு, அதை முதல் பதிவாக வைத்துக்கொண்டு, வேறொரு நாள் வேறு கேள்விகளோடு போவதே நல்லது. நேரமும் பார்க்க வேண்டும். வாய்க்காலில் தண்ணீர் முறை வரும் நாளிலும் அரிவி வெட்டு நாளிலும் கமக்காரர் வீட்டுக்குப் போவது பிழை. ஆடைத் தொழிற்சாலைக்குப் போகிற பெண்பிள்ளைகளை ஞாயிற்றுக்கிழமையில்தான் பிடிக்கலாம். வீட்டுப் பெண்கள் ஓரளவு ஓய்வாக இருப்பது பின்னேரம் மூன்று மணிக்குப் பிறகு. "எங்களுக்கு இதால என்ன கிடைக்கும், தம்பி?" என்ற கேள்வி கட்டாயம் வரும். "ஒண்டும் கிடைக்காது அம்மா, எழுத்துத்தான்" என்று முதல் நாளே சொல்லிவிட வேண்டும். இதை இழுத்தடித்தவர்களுக்கு உதவிப் பட்டியலுக்கு ஏற்ற கதைதான் கிடைக்கும்.

அடுத்தது கேள்வி. "அப்போது எப்படி இருந்தது?" என்று கேட்டால் "அதை எப்பிடிச் சொல்லுறது" என்பதுதான் பதில், அல்லது அழுகை. இரண்டையும் வைத்து எழுத முடியாது. பொருளைக் கேட்க வேண்டும். "லாண்ட்மாஸ்ரர் பெட்டிக்குள்ள முதல் ஏத்தினது என்ன? எந்தச் சாமானை எந்த இடத்தில விட்டனீங்கள்? பங்கர் வெட்ட மண்வெட்டி ஆரிட்ட வாங்கினது? மண்மூட்டைக்கு எந்தச் சேலையைக் கிழிச்சுத் தைச்சது?" லாண்ட்மாஸ்ரர் என்பது இருசக்கர உழவு இயந்திரம், பங்கர் என்பது பதுங்குகுழி. 2008 கடைசியில் கிளிநொச்சிப் பக்கத்திலிருந்து புறப்பட்டவர்கள் கூரைத் தகரத்தையும் கதவு நிலைகளையும்கூட ஏற்றிக்கொண்டு போனார்கள். தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு, சுதந்திரபுரம், இரணைப்பாலை என்று ஒவ்வொரு இடமாக நகர நகரச் சாமான் குறைந்தது. உழவு இயந்திரம் நின்று, சைக்கிளாகி, மாத்தளனிலும் முள்ளிவாய்க்காலிலும் கையில் தூக்கக்கூடிய பையாகியது. எது எங்கே விடுபட்டது என்று ஒரு குடும்பத்திடம் கேட்டு எழுதினால், இடப்பெயர்வின் முழு நீளமும் எந்த உரிச்சொல்லும் இல்லாமல் வந்துவிடும். சொல்பவருக்கும் அது சுலபம். சாவைப் பற்றிக் கேட்டால் இறுகும் வாய், தையல் மெசினைப் பற்றிக் கேட்டால் திறக்கும். பிறகு கேட்காமலே மற்றதும் வரும். வரவில்லை என்றால் விட்டுவிட வேண்டும்.

ஒரு வெற்று ஏ4 தாளைக் கொடுத்துக் கொட்டில் நின்ற இடம், கிணறு, றோட்டு, பங்கர் வாசல் பார்த்த திசை ஆகியவற்றைக் கீறச் சொல்வதும் கைகொடுக்கும். எழுதப் படிக்கத் தெரியாதவர் முற்றத்து மண்ணில் ஈர்க்கால் கீறுவார். அதைப் படம் எடுத்துக்கொள்ளலாம். கூகுள் ஏர்த்தில் பழைய ஆண்டுகளின் செய்மதிப் படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்க்கலாம்; கீறின வரைபடத்தை அதோடு ஒப்பிட்டால் ஒழுங்கை எந்தப் பக்கம், கடல் எவ்வளவு தூரம் என்பது தெளியும்.

திகதிதான் அதிகம் வழுக்கும் இடம். இதற்குக் காரணம் மறதி மட்டுமில்லை. ஆணைக்குழுவுக்குக் கொடுத்த சத்தியக்கடதாசியில் தட்டச்சுக்காரர் ஏதோ ஒரு திகதியைப் போட்டிருப்பார். பல வருடம் அந்தத் தாளைக் காட்டிக் காட்டி, தாளில் உள்ள திகதியே நினைவாகிவிடும். இன்னொரு வகை, நினைவுநாள். போரில் இறந்தவர்களை நினைவுகூரும் மே 18ஐ ஒட்டி நடந்த எதுவும் மெல்ல மெல்ல மே 18க்கே இழுபட்டுப் போகும். ஆகவே தாளைப் பார்க்க முன்னர் வரிசையைக் கேட்க வேண்டும். எதற்குப் பிறகு எது, எந்த இடத்தில் எத்தனை முறை சமைத்தார்கள், மழையா வெயிலா. அதற்குப் பிறகுதான் கோப்பைத் திறக்க வேண்டும். இரண்டும் முரண்பட்டால் வரிசையை நம்பி, திகதியைத் தேட வேண்டும்.

தேடும்போது பிடித்துக்கொள்ள, அடித்த முளைபோல அசையாத நாட்கள் சில உண்டு. 2008 நவம்பர் கடைசியில் நிஷா புயல் மழை: "பங்கருக்குள்ள இடுப்பளவு தண்ணி" என்று வருகிற நினைவுகளில் பல இங்கே வந்து நிற்கும். 2009 ஜனவரி 2, கிளிநொச்சி இராணுவத்திடம் வீழ்ந்தது. ஜனவரி 21, சுதந்திரபுரம், உடையார்கட்டுப் பகுதியில் முதலாவது பாதுகாப்பு வலயம் அறிவிக்கப்பட்டது. பெப்ரவரி 12, கடற்கரையோரமாக இரண்டாவது வலயம். அதே பெப்ரவரியில் புதுமாத்தளனிலிருந்து காயக்காரரைச் செஞ்சிலுவைக் குழுவின் கப்பல் ஏற்றத் தொடங்கியது. ஏப்ரல் 20, மாத்தளன் மண் அணை உடைபட்டுப் பெருந்தொகையானோர் வெளியே வந்தது. "கப்பல் வாறதுக்கு முந்தியோ பிந்தியோ?" என்று கேட்டால் பெரும்பாலும் தயங்காமல் பதில் வரும். "நல்ல நிலவு வெளிச்சம்" என்று ஒருவர் சொன்னால் அந்த வருடத்துக் கலண்டரில் போயா நாள், அதாவது பௌர்ணமி, எப்போது என்று பார்க்கலாம். நிலவு ஒத்துவராவிட்டால் சொன்னவர் பொய் சொன்னார் என்று ஆகாது. இரண்டு இரவுகள் ஒன்றாகக் கலந்திருக்கும். அதைப் பிரித்தெடுக்கும் வரைக்கும் அந்தக் காட்சியை எழுதக் கூடாது.

குறிப்பேட்டில் ஒவ்வொரு காட்சிக்கும் மூன்று நிரல் போடுவது வழக்கமாக வேண்டும். நடுவில் என்ன நடந்தது. இடப்பக்கம் யார் சொன்னது, எந்த நாளில் சொன்னது. வலப்பக்கம் வேறு எது அதைத் தாங்குகிறது: இன்னொருவர், ஒரு தாள், ஒரு இடம். வலப்பக்கம் வெறுமையாக இருந்தால் அந்தக் காட்சியைச் செய்தியாளர் தன் குரலில் எழுத முடியாது. "என்கிறார்" கட்டாயம் வேண்டும். பலர் இந்த "என்கிறார்"ஐ அழகுக் குறைச்சலாக நினைத்து வெட்டிவிடுகிறார்கள். கட்டுரைக்கும் சிறுகதைக்கும் இடையில் உள்ள வேலியே அதுதான். மேற்கோள் குறிக்குள் பேச்சைப் போடுவதற்கும் கணக்கு உண்டு. எழுதுபவர் காதால் கேட்டது, அல்லது பேசினவரோ கேட்டவரோ சொல்லுக்குச் சொல் நினைவில் வைத்திருப்பது மட்டுமே குறிக்குள் போகலாம். மற்றதெல்லாம் கருத்தாக வெளியே. மனதுக்குள் ஓடியதை எழுத வேண்டுமானால் கூடுதலாக ஒரு கேள்வி: "அப்பவே அப்பிடி நினைச்சனீங்களோ, பிறகோ?" பாதிப் பேர் "பிறகுதான்" என்பார்கள். நான்கு பெண்களின் கதையைச் சேர்த்து ஒரு அம்மாவாக்குவதை எந்தக் காரணத்துக்காகவும் செய்யக் கூடாது. பாதுகாப்புக்காக என்று சொல்லித்தான் அது பெரும்பாலும் நடக்கிறது.

நடையில் எங்கள் பக்கத்து நோய் ஒன்று உண்டு. "ஆறாத வடுக்களோடு, கண்ணீரே வாழ்வாகிப்போன அந்தத் தாயின் விழிகள் இன்னும் வாசலையே பார்த்திருக்கின்றன" என்று கை தானாக எழுதும். அதில் சரிபார்க்க எதுவும் இல்லை. அந்தத் தாயை எடுத்துவிட்டு எந்தத் தாயையும் அங்கே இருத்தலாம். அதே இடத்தில், "மகனின் பிறப்புச் சான்றிதழில் எப்போதும் ஆறேழு போட்டோப் பிரதி வைத்திருப்பார், மூலத்தைக் கொடுத்தால் திரும்பி வராது என்பது அவருக்கு முதல் அமர்விலேயே தெரிந்துபோயிற்று" என்பதுபோல ஒரு வரி குறிப்பேட்டில் இருந்தால், வேறு எதுவும் வேண்டாம். இருக்கவில்லை என்றால் இன்னொரு முறை போக வேண்டும். பேச்சுமொழியைத் திருத்தி எழுத்துத் தமிழாக்குவதும் அநியாயம். "இருந்தனாங்கள்", "நிண்டது", "எங்கட" இருக்கட்டும். வாசிப்பவர் சென்னையில் இருந்தாலும் இரண்டாவது பந்தியில் பழகிவிடுவார். ஆனால் ஒவ்வொரு உச்சரிப்பையும் எழுத்தாக்கினால் பேசுபவர் பகிடிப் பாத்திரமாகிவிடுவார்.

வன்னி என்றால் 2009 மட்டும் என்று எழுதுவது இன்னொரு பழக்கம். மண்ணெண்ணெய் விலை, அரசாங்கம் அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த பெர்மிட் காணி, யானை, நுண்கடன் தவணை எல்லாவற்றையும் முள்ளிவாய்க்காலில் தொடங்கி முடித்தால், உயிரோடிருக்கும் மனிதர்களின் இன்றைய சண்டை காணாமல் போய்விடும். கதைக்கு வேண்டிய இழுபறி கோடைகால நெல்விதைப்பைத் தீர்மானிக்கும் ஒரு சிறுபோகக் கூட்டத்திலேயே இருக்கிறது. இரணைமடுக் குளத்தில் எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது, அதற்கு எத்தனை ஏக்கர் விதைக்கலாம், எந்த வாய்க்காலுக்கு எவ்வளவு பங்கு என்று அங்கே தீர்மானமாகும். நீர்ப்பாசனப் பொறியியலாளர், கமக்கார அமைப்புகள், மாவட்ட நிர்வாகம் என்று பாத்திரங்கள் தாமாக வந்து ஒரே மண்டபத்தில் இருக்கும். யாருக்கு எதில் இழப்பு என்பது கூட்டத்துக்கு முன்னரே தெரியும். எழுதுபவர் முதல்நாள் அணைக்கட்டில் நீர்மட்ட அளவுகோலைப் பார்த்துவிட்டு, கூட்டத்தில் கடைசிவரை இருந்து, பிறகு வாய்க்கால் கடைசியில் வயல் உள்ள ஒருவரோடு வீட்டுக்குப் போக வேண்டும். தண்ணீர் முதலில் வரும் தலைவாய்க்காலில் வயல் உள்ளவரோடு போனால் கதை இல்லை.

2018 டிசம்பர் வெள்ளமும் அப்படித்தான். இரணைமடு வான்கதவுகள் திறந்து பன்னங்கண்டி, முரசுமோட்டைப் பக்கம் தண்ணீர் ஏறிய இரவை மீட்டெடுக்க, மணிக்கணக்கு வேண்டும். ஆட்கள் மணி பார்த்திருக்க மாட்டார்கள். கைத்தொலைபேசி பார்த்திருக்கும். அழைப்புப் பட்டியல், வாட்சப்பில் அனுப்பிய படம், குரல்பதிவு எல்லாவற்றிலும் நேரம் இருக்கும். நீர்ப்பாசனத் திணைக்களத்தின் பக்கத்தைக் கேட்க 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் உண்டு. தகவல் அலுவலருக்குத் தமிழிலேயே எழுதலாம். 14 வேலை நாட்களுக்குள் தருவதா மறுப்பதா என்று தீர்மானம் சொல்ல வேண்டும். மறுத்தால் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கும், அங்கேயும் சரிவராவிட்டால் ஆணைக்குழுவுக்கும் மேன்முறையீடு. "வெள்ளம் பற்றிய விபரம் தரவும்" என்று எழுதினால் ஒரு பக்கக் கடிதம் வரும். "இன்ன திகதி முதல் இன்ன திகதி வரை மணித்தியால நீர்மட்டப் பதிவேட்டின் பிரதி, ஒவ்வொரு கதவும் திறந்த நேரமும் உயரமும்" என்று ஆவணத்தைப் பெயர் சொல்லிக் கேட்டால்தான் பயன்.

எழுதும்போது அளவு ஓரளவு தீர்மானமாக இருக்கட்டும். இரண்டாயிரம் சொல் கட்டுரை என்றால் இருநூற்றைம்பது சொல்லில் ஐந்து காட்சிக்கு மேல் தாங்காது, மிச்சம் விளக்கத்துக்கு. சட்டம், ஆண்டு, ஏக்கர்க் கணக்கு எல்லாவற்றையும் தொடக்கத்தில் கொட்டாமல், வாசிப்பவர் மனதில் "ஏன்?" என்று எழும் இடத்தில் மூன்று நான்கு வரியாக வைக்க வேண்டும். ஷெல் விழும் இடத்தில் தொடங்குவதைத் தவிர்ப்பது நல்லது. அதற்குப் பிறகு வருவது எல்லாம் சப்பென்று ஆகிவிடும்.

பெயரை மாற்றினால் ஆளை மறைத்தாயிற்று என்பது வன்னியில் செல்லாது. நூறு குடும்பம் உள்ள கிராமத்தில், இரண்டு பெண்பிள்ளைகள், ஒரு கால் இல்லாத கணவர், பாண் போறணை (ரொட்டி சுடும் அடுப்பு) என்ற மூன்று தகவலே போதும். பெயரை மாற்றுவதோடு, தொழில், பிள்ளைகளின் எண்ணிக்கை, கிராம சேவகர் பிரிவு ஆகியவற்றில் எதை எழுதாமல் விடலாம் என்று பார்க்க வேண்டும். விடலாம், மாற்றி எழுதக் கூடாது. படத்தில் முகம் இல்லாவிட்டாலும் பின்னால் கோயில் கோபுரம் இருக்கும். படக்கோப்பில் இடக்குறிப்பு இருக்கும். 1979இன் பயங்கரவாதத் தடைச் சட்டம் ஒரு பக்கம், 2024இன் நிகழ்நிலைக் காப்புச் சட்டம் மறுபக்கம் என்று இருக்கும் நாட்டில், எழுதினவர் யாழ்ப்பாணத்துக்கோ கொழும்புக்கோ திரும்பிவிடுவார். விசாரிக்க வருபவர்கள் போகும் வீடு அதே வீடுதான். ஆகவே அச்சுக்குப் போகுமுன் கதை சொன்னவரைப் பற்றிய பகுதிகளை அவருக்கே வாசித்துக் காட்ட வேண்டும். திகதியும் ஊர்ப்பெயரும் அங்கேதான் திருந்தும். "இதை எடுத்துவிடுங்கோ" என்றால், அது கட்டுரையின் சிறந்த வரியாக இருந்தாலும் எடுத்துவிட வேண்டும். அதிகாரிகளுக்கு இந்தச் சலுகை இல்லை. அவர்கள் சொன்னது சொன்னதுதான்.

வெளியான பிறகும் ஒரு வேலை வரும். ரொறன்ரோவிலிருந்தும் லண்டனிலிருந்தும் வாசித்தவர்கள் உதவி செய்யத் தொலைபேசி எண் கேட்பார்கள். நல்ல மனதோடுதான் கேட்பார்கள். எண்ணை நேரே கொடுக்கக் கூடாது. கேட்டவரின் எண்ணை வாங்கிக் கதை சொன்னவரிடம் கொடுத்து, விருப்பமென்றால் அவர் எடுக்கட்டும் என்று விட வேண்டும். கட்டுரைக்குக் கீழே வங்கிக் கணக்கு இலக்கம் போடுவது அடுத்த கட்டுரையையும் கெடுக்கும். பக்கத்து வீட்டுக்காரர் தன் கதையைச் சொல்லும்போது எது பணம் கொண்டுவந்தது என்று பார்த்துத்தான் சொல்லுவார். இன்னொரு புதிய மனு.