தண்ணீருக்குப் பிறகு வரும் கேள்வி

2019இல் கானாவின் தலைநகர் அக்ராவில், மருந்து இறக்குமதி நிறுவனம் ஒன்றின் கணக்குப் பிரிவில் வேலை பார்த்தேன். தெருவில் பிள்ளைகள் என்னை ‘ஒப்ரோனி’ என்று கூப்பிடுவார்கள். வெளிநாட்டான் என்று பொருள். நான் வெளிநாட்டான்தான், வருத்தமில்லை. என் மேலாளரைக் குறித்துச் சொல்லப்பட்ட ‘போர்கா’ என்ற சொல்தான் எனக்கு உறுத்தியது. ஜெர்மனியின் ஹாம்பர்க் நகருக்குப் பிழைக்கப் போய்ப் பணத்தோடு திரும்பியவர்களுக்கு வைத்த பெயர் அது. இப்போது எந்த நாட்டிலிருந்து திரும்பினாலும் ஒட்டிக்கொள்கிறது.

மேலாளர் கானாவின் குமாசி நகருக்குப் பக்கத்தில் பிறந்தவர். 1983இல் கானாவில் வறட்சி, காட்டுத்தீ, பசி. நைஜீரியா சுமார் பத்து லட்சம் கானாக்காரர்களைத் துரத்தியதும் அந்த ஆண்டுதான். மறு ஆண்டு, ஒன்பது வயதில், பெற்றோருடன் லண்டன் போனார். படித்தார், பெரிய பதவிகள் வகித்தார், முப்பத்தைந்து ஆண்டுகள் கழித்துத் திரும்பினார். வந்ததும் தன் ஆங்கிலப் பெயரை விட்டுவிட்டு, ஞாயிறன்று பிறந்த பெண்களுக்குரிய ‘அகோசுவா’ என்ற பெயரை அறைக் கதவில் எழுதவைத்தார்.

அடிமைகளாகக் கொண்டுபோகப்பட்டவர்களின் வழித்தோன்றல்களை அரசு அந்த ஆண்டு தாயகத்துக்கு அழைத்துக்கொண்டிருந்தது. ஊரெங்கும் ‘அக்வாபா’ என்று வரவேற்புப் பலகைகள். ஆனால் மக்கோலா சந்தையில் மேலாளர் வாயைத் திறந்ததுமே துணிக்கார அம்மா விலையை ஏற்றிவிடுவார். மேலாளர் பேசிய ட்வி என்ற உள்ளூர் மொழிக்கு இன்னும் ஒன்பது வயதுதான். அதில் பசிக்கிறது என்று சொல்லலாம், அடம்பிடிக்கலாம். துக்கம் விசாரிக்க முடியாது.

அதை நான் கண்ணால் கண்டது ஒரு சனிக்கிழமை. அலுவலக ஊழியர் ஒருவரின் தந்தை இறந்துவிட, குமாசி அருகே ஓர் ஊருக்குப் போனோம். கறுப்பும் சிவப்புமாக உடுத்திய கூட்டம். உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள். பிறகு ஒரு பெரியவர் வந்த காரியத்தைக் கேட்டார். ‘அமன்னே’ என்பார்கள் அதை. வந்தவர்களில் மூத்தவர் முறைப்படி பதில் சொல்ல வேண்டும். எல்லோரும் மேலாளரைப் பார்த்தார்கள். அவர் வாய் திறந்து, இரண்டு சொற்களோடு நின்றுவிட்டார். என் மௌனத்தை அங்கே யாரும் குறையாகக் கொள்ளவில்லை. அவருடைய மௌனத்தை அத்தனை பேரும் கவனித்தார்கள்.

எங்கள் ஓட்டுநர் எழுந்து அவருக்காகப் பேசினார். அதில் இழிவு எதுவுமில்லை. ட்வி பேசும் அக்கான் மக்களின் அரசர்களே தங்களுக்கென ஒருவரை வைத்துத்தான் பேசுவார்கள். ஆனாலும் திரும்பும் வழியெல்லாம் மேலாளர் ஜன்னலைப் பார்த்தபடியே வந்தார். அக்ரா நெருங்கும்போது ஓட்டுநரிடம், “எனக்குச் சொல்லிக்கொடுங்கள்” என்றார்.

அதன்பின் காலை நெரிசல்தான் பாடநேரம். பின்னிருக்கையில் நானும் கேட்டுக்கொண்டிருப்பேன். ஓட்டுநர் விடவே மாட்டார்; சுருதி தவறினால் பொருளே மாறிவிடும் மொழி அது.

நாலைந்து மாதம் கழித்து இன்னொரு சாவு. தண்ணீர் வந்தது, கேள்வி வந்தது. மேலாளர் எழுந்து தானே பேசினார். நடுவில் பெரியவர் கையை உயர்த்தி ஒரு சொல்லைத் திருத்தினார், வீட்டுப் பிள்ளையைத் திருத்துவதுபோல. அவர் அதைச் சரியாகத் திருப்பிச் சொல்லிவிட்டு மேலே தொடர்ந்தார்.