மூன்று அமர்வுகளும் ஒரு பழைய ரேங்க் கார்டும்

என் மகளுக்கு 10 வயது. ஐந்தாம் வகுப்பின் முதல் பருவம் முடிந்ததும் வகுப்பு ஆசிரியை என்னை அழைத்து, "நல்ல பெண்தான், யாருக்கும் தொந்தரவு தருவதில்லை. ஆனால் வகுப்பில்தான் இருக்கிறாளா என்று எனக்குச் சில நாள் சந்தேகமே வந்துவிடுகிறது" என்றார். வில்லிவாக்கத்தில் இருக்கும் எங்கள் வீடு வரை அதையே நினைத்துக்கொண்டு நடந்தேன். ஏ.டி.எச்.டி. எனப்படும் கவனக்குறைவு-மிகைச் செயல்பாட்டுக் குறைபாடு என்றால் பெஞ்சின் மேல் ஏறிக் குதிக்கும் பையன் என்றுதான் அதுவரை எண்ணியிருந்தேன். ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திடுக்கிட்டு எழுந்து நிற்கும் பெண்ணுக்கும் அதே பெயர் பொருந்தலாம் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. சத்தம் போடாத பிள்ளைகளை யாரும் கவனிப்பதில்லை. பெண் குழந்தைகள் பலருக்கு இது பிந்தித் தெரியவருவதும் அதனால்தான்.

அவசரத்தில் முதலில் தவறான இடத்துக்குப் போனேன். ஒரு தனியார் மையம். நாற்பது நிமிடம் கணினித் திரையில் ஏதோ விளையாட்டு, பிறகு ஒரு பக்க அறிக்கை, "இருக்கிறது" என்ற ஒற்றைத் தீர்ப்பு. கூடவே ஆறு மாதப் பயிற்சிக்கு முழுப் பணத்தையும் அன்றே கட்டச் சொன்னார்கள். பள்ளியில் எப்படி இருக்கிறாள் என்று ஒருவரும் கேட்கவில்லை. அறிக்கையில் கையெழுத்து இருந்தது, ஆனால் பதிவு எண் இல்லை. இந்தியாவில் மருத்துவ உளவியலாளராகப் பணிபுரிய, 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். ஆர்.சி.ஐ. எண் என்பார்கள். பணம் கட்டுவதற்கு முன் அந்த எண்ணைக் கேளுங்கள். கேட்பதில் எந்தக் கூச்சமும் வேண்டாம்.

எங்கள் குழந்தைகள் நல மருத்துவர் அந்த அறிக்கையை ஓரமாக வைத்துவிட்டு, அடிப்படையிலிருந்து தொடங்கினார். காது கேட்கிறதா, கண் தெரிகிறதா, ரத்தசோகை உண்டா, தைராய்டு சரியா, இரவில் குறட்டை விடுகிறாளா, எத்தனை மணி நேரம் தூங்குகிறாள். இவற்றில் எது கெட்டாலும் பிள்ளை கவனம் சிதறியவள் போலத்தான் தெரிவாளாம். எல்லாம் சரியாக இருந்ததால் குழந்தை மனநல மருத்துவரிடம் அனுப்பினார். அவர் மூலம் அண்ணா நகரில் ஒரு மருத்துவ உளவியலாளர். கட்டணம் கட்ட முடியாதவர்கள் எழும்பூர் அரசு குழந்தைகள் மருத்துவமனையிலோ, கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகத்திலோ தொடங்கலாம். காத்திருப்பு இருக்கும், கையில் ஒரு நாள் முழுவதையும் வைத்துக்கொண்டு போக வேண்டும்.

உளவியலாளர் முதல் நாளே தெளிவாகச் சொன்னார்: "ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ இதைக் காட்டிக்கொடுக்காது. ஒரே ஒரு டெஸ்டும் போதாது. வீடு ஒரு சாட்சி, பள்ளி ஒரு சாட்சி, குழந்தையும் ஒரு சாட்சி. மூன்றையும் கேட்டுத்தான் நான் எழுதுவேன்." அறிகுறிகள் குறைந்தது இரண்டு இடங்களிலாவது தெரிய வேண்டும், ஆறு மாதமாவது நீடித்திருக்க வேண்டும் என்பது விதி. வீட்டில் மட்டும் தெரிந்தால் காரணத்தை வீட்டில் தேட வேண்டும்.

எனக்கு, ஏ.டி.எச்.டி. அறிகுறிகளைக் கேட்கும் 55 கேள்விகள் கொண்ட வாண்டர்பில்ட் படிவம், ஆசிரியைக்கு 43 கேள்விகள் கொண்ட வேறொன்று. அறிகுறிக் கேள்விகளுக்கு 'ஒருபோதும் இல்லை' முதல் 'மிக அடிக்கடி' வரை நான்கு விடைகள். நானும் கணவரும் தனித்தனியாக நிரப்பினோம். ஒப்பிட்டபோது அவர் எழுதியது மிகவும் மென்மையாக இருந்தது. வீட்டுப்பாடத்துக்கு உட்கார வைப்பது நான்தானே. ஆசிரியை முதலில் தயங்கினார். எழுதிக் கொடுத்தால் பள்ளிக்கு ஏதும் சிக்கல் வருமோ என்ற பயம். உளவியலாளர் ஒரு கடிதம் கொடுத்த பிறகு, இரண்டு நாளில் ஓரக்குறிப்புகளோடு நிரப்பித் தந்தார். அந்தக் குறிப்புகளுக்காக அவருக்கு என்றைக்கும் கடமைப்பட்டிருக்கிறேன்.

இரண்டாவது அமர்வில் இந்தியக் குழந்தைகளுக்கான மாலின் நுண்ணறிவுச் சோதனை. எண்களைத் தலைகீழாகச் சொல்வது, கட்டைகளை அடுக்குவது, குறியீடுகளை எழுதுவது. நான் வெளியே அமர்ந்திருந்தேன். மூன்றாவது அமர்வில் வாசிப்பு, எழுத்து, கணக்கு. கற்றல் குறைபாடு கூடவே இருக்கிறதா என்று பார்ப்பதற்காக. அது முக்கியம், ஏனென்றால் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் கற்றல் குறைபாடு உண்டு, ஏ.டி.எச்.டி. தனி வகையாக இல்லை. தேர்வுச் சலுகை கேட்கும்போது இந்த வித்தியாசம் தெரியும். என் மகளுக்குக் கற்றல் குறைபாடு இல்லை. எட்டுப் பக்க அறிக்கை வந்தது. அவளுக்கு இருப்பது கவனக்குறைவு மேலோங்கிய வகை.

அந்த அறிக்கையை அறையிலேயே படித்தேன். பொருள்களைத் தொலைப்பது, சொன்னதைப் பாதியில் விடுவது, பேசிக்கொண்டிருக்கும்போதே மனம் வேறெங்கோ போய்விடுவது. என் கை நடுங்கியது. இவை எல்லாம் என் வாழ்க்கை. மூன்று வேலைகளை விட்டிருக்கிறேன், மின்கட்டணம் கட்ட மறந்து இரண்டு முறை இணைப்புப் போயிருக்கிறது. இது பரம்பரையாக வரும் வாய்ப்பு மிக அதிகம் என்று உளவியலாளர் சொன்னார். நானும் பரிசோதித்துக்கொள்ள முடிவு செய்தேன்.

பெரியவர்களுக்கான வழி வேறு. உலக சுகாதார நிறுவனத்தின் 18 கேள்விகள் கொண்ட சுயமதிப்பீட்டில் தொடங்குகிறது. ஆனால் அது வெறும் வாசல்தான். 2013இல் வந்த, மனநலக் குறைபாடுகளை வகைப்படுத்தும் அமெரிக்கக் கையேடான டி.எஸ்.எம்.-5இன்படி, 17 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு, கவனக்குறைவு, மிகைச் செயல்பாடு என்ற இரண்டில் ஏதாவது ஒரு பிரிவின் ஒன்பது அறிகுறிகளில் ஐந்து இருந்தால் போதும், குழந்தைகளுக்கு ஆறு வேண்டும். அதோடு, அறிகுறிகளில் பலவும் 12 வயதுக்கு முன்பே இருந்திருக்க வேண்டும். நேற்று வேலைப்பளுவால் வந்த மறதி கணக்கில் வராது. ஆக, 41 வயதில் என் பத்து வயதுக்குச் சாட்சி தேட வேண்டியிருந்தது.

அந்தச் சாட்சி என் அம்மா. மன்னார்குடியில் இருக்கிறாள். தொலைபேசியில் சொன்னதும், "நன்றாகப் படித்த பெண்ணை மனநோயாளி என்று நான் எழுதிக் கொடுக்க வேண்டுமா?" என்று வைத்துவிட்டாள். ஒரு வாரம் பேசவில்லை. பிறகு மன்னை எக்ஸ்பிரஸில் வந்து எழும்பூரில் இறங்கினாள். கைப்பையில் என் பழைய ரேங்க் கார்டுகள் இருந்தன. நான்காம் வகுப்புக் கார்டில் சிவப்பு மையில், "புத்திசாலி. கவனம் போதாது. பொருள்களைத் தொலைக்கிறாள்" என்று எழுதியிருந்தது.

உளவியலாளர் என்னையும் அம்மாவையும் வைத்து நடத்திய நேர்காணலில் ஒவ்வொரு அறிகுறியையும் இரண்டு முறை கேட்கிறார்கள்: இப்போது எப்படி, சிறுவயதில் எப்படி. அம்மா முதலில் எல்லாவற்றுக்கும் "எல்லாப் பிள்ளைகளையும் போலத்தான்" என்றாள். பொருள் தொலைப்பது பற்றிய கேள்வி வந்தபோது நின்றாள். "ஐந்தாம் வகுப்பில் ஆறு டிபன் பாக்ஸ். ஆறாவதற்கு அடித்தேன். வேண்டுமென்றே செய்கிறாள் என்று நினைத்தேன்" என்றாள். அதன் பிறகு அவளாகவே ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினாள். தேர்வு அட்டையை மறந்து நான் பள்ளி வாசலில் நின்றது, கோலம் பாதியில் விட்டுப் போனது. உளவியலாளர் எழுதிக்கொண்டே இருந்தார். பெற்றோர் இல்லாதவர்கள் அண்ணன், அக்கா, சித்தி யாரையாவது அழைத்து வரலாம். பழைய கார்டுகள் கிடைத்தால் எதையும் எறிந்துவிடாதீர்கள்.

என் அறிக்கையும் வந்தது, அதே வகை. மனப்பதற்றமும் கொஞ்சம் கலந்திருப்பதாகத் தனியே குறிப்பிட்டிருந்தது.

மகளுக்கு இப்போது முதல் வரிசையில் இடம். பெரிய வேலைகளைத் துண்டுதுண்டாகக் கொடுக்கிறார்கள். கவனத்தைக் கூட்டும் மெத்தில்ஃபெனிடேட் மருந்து மிகக் குறைந்த அளவில் தொடங்கியிருக்கிறது. அது மனமயக்கப் பொருள்களுக்கான சட்டத்தின் கீழ் வருவதால் எல்லா மருந்துக்கடையிலும் கிடைப்பதில்லை. அசல் மருந்துச்சீட்டை எடுத்துப் போக வேண்டும். ஒவ்வொரு முறையும் எடை, உயரம், ரத்த அழுத்தம் பார்க்கிறார்கள், பசி குறையலாம் என்பதால். என் அப்பா வழிக் குடும்பத்தில் இதயநோய் உண்டு. அதனால் முதலில் இ.சி.ஜி. எடுத்து வரச் சொல்லியிருக்கிறார்கள். அடுத்த செவ்வாய்க்கிழமை எடுக்கிறேன். மருந்து பற்றிய பேச்சு அதற்குப் பிறகுதான்.